ராத்திரி முழுக்க பேசின ரால்ஃப் எமெரி
ஆசிரியர் சார், வணக்கம். ரேடியோவுல பேசுறவங்களைப் பத்தியும் நம்ம பேப்பர்ல எழுதுங்க சார். அமெரிக்காவுல ரால்ஃப் எமெரின்னு ஒருத்தர், 1933ல டென்னசியில பொறந்தவரு, 1957ல நாஷ்வில் நகரத்து டபிள்யூஎஸ்எம் ரேடியோ ஸ்டேஷன்ல நைட் ஷிஃப்ட்ல உக்காந்தவரு 1972 வரைக்கும் அந்த மைக்கை விடல. 50,000 வாட் ஏஎம் ஸ்டேஷன் அது, ராத்திரியில ரேடியோ அலை வானத்துல உயரத்துல இருக்குற அயனி அடுக்குல பட்டுத் திரும்பி பல மாநிலம் தாண்டி கேக்கும், தூக்கத்தை அடக்கிட்டு லாரி ஓட்டுறவங்களுக்கு அவர் குரல்தான் துணை. கன்ட்ரிங்கற அமெரிக்க கிராமிய பாணி பாட்டுப் பாடுறவங்க நடுராத்திரி ஸ்டுடியோவுக்குள்ள வந்து உக்காந்து கதை பேசுவாங்க, அங்கேயே கிட்டாரை எடுத்துப் பாடுவாங்க, அவரும் அவசரப்படுத்தாம பேச விடுவாரு, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. அப்புறம் 1983லேர்ந்து 10 வருஷம் டிவி ஷோ, 2007ல அந்த இசைக்காரங்களுக்கான கௌரவப் பட்டியலான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல இடம். 2022 ஜனவரியில போயிட்டாரு. அவருக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்க சார்.