அந்தப் படத்துல இருக்கறது வேற ஈ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல பழ ஈயை வெச்சு மூளை ஆராய்ச்சி பண்றதப் பத்தி ஒரு சின்ன கட்டுரை வந்துச்சு, சந்தோஷமா படிச்சேன், ஆனா கூட போட்ட படம் தப்பு. அது மாங்காயைக் குத்தி உள்ள முட்டை வைக்கிற ஈ, தோப்புல பொறி வெச்சு பிடிப்பாங்களே அது. லேப்ல இருக்கறது ட்ரோசோஃபிலா, வாழைப்பழம் கொஞ்சம் அதிகமா கனிஞ்சா தட்டைச் சுத்தியே பறந்துட்டு இருக்குமே, சிவப்புக் கண்ணு, ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளம், அது. ரெண்டையும் தமிழ்ல பழ ஈன்னே சொல்றதால யாருக்கும் குழப்பம் வரும் தான்.

படத்தை விட என்னை வருத்தினது அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதம். மனுஷனுக்கு மருந்து கண்டுபிடிக்காம ஈயை வெச்சு காசை கரைக்கறாங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். எங்க அப்பாவுக்கு ஒம்பது வருஷமா பார்கின்சன், நடையையும் அசைவையும் பாதிக்கிற மூளை நோய். ஹால்ல இருந்து ரூமுக்குப் போற வாசல்ல கால் அப்படியே தரையில ஒட்டிக்கும், அடுத்த அடி வரவே வராது, அதனால அங்க குறுக்க ஒரு சிவப்பு டேப் ஒட்டி வெச்சிருக்கேன், அந்தக் கோட்டைப் பார்த்து தாண்டுங்கப்பான்னு சொன்னா தாண்டிடுவார். இதை தினம் பார்க்கறவளா தான் அந்தக் கடிதத்துக்கு பதில் எழுதறேன்.

பார்கின்சன்ல டோபமின்ங்கற மூளை ரசாயனத்தைத் தயாரிக்கிற நரம்பு செல் சாகும். அதை ஈடுகட்ட அப்பா சாப்பிடற லெவோடோபா மாத்திரை மூளைக்குள்ள போய் டோபமினா மாறணும், மாத்தறது டோபா டிகார்பாக்சிலேஸ்ங்கற என்சைம், அதாவது ஒரு பொருளை இன்னொண்ணா மாத்தற புரதம். இதே என்சைம் அந்த ஈ மூளையிலயும் இருக்கு, இதே வேலையைத்தான் பண்ணுது. இன்னொண்ணு, தூக்கத்துலயும் மனநிலையிலயும் பங்கு இருக்கற செரடோனின்ங்கற மூளை ரசாயனம் தயாராகற கடைசி ஸ்டெப்பையும் இதே என்சைம் தான் முடிக்குது, ஈயிலயும் சரி நம்மகிட்டயும் சரி. ஈ உடம்புல டோபமினுக்கு இன்னொரு வேலையும் உண்டு, மேல்தோல் கருத்து கெட்டியாகறதுக்கு அது வேணும், அதனால டோபமின் தயாரிக்கிற முதல் என்சைமோட ஜீனுக்கு பேல்னு பேர், வெளிறிப்போனதுன்னு அர்த்தம், அது கெட்டுப்போன கரு வெளிறிப்போய் முட்டையிலயே செத்துடும்.

நம்ம மூளையில சுமார் 8,600 கோடி நியூரான், அதாவது நரம்பு செல். ஈயோட மூளையில 1,39,255, இது குத்துமதிப்பு இல்ல, எந்த நியூரான் எதோட இணைஞ்சிருக்குன்னு முழு மேப்பே போட்டு 2024ல வெளியிட்டாங்க. அதுல டோபமின் நியூரான் சில நூறு தான், செரடோனின் அதை விடவும் கம்மி. அவ்வளவு கம்மியா இருக்கறதால எந்தக் கூட்டம் என்ன பண்ணுதுன்னு தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியுது, ஒரு கூட்டம் இந்த வாசனை வந்தா ஷாக் வரும்னு ஈக்கு கத்துக்கொடுக்குது, இன்னொரு கூட்டம் இந்த வாசனை வந்தா சர்க்கரை கிடைக்கும்னு கத்துக்கொடுக்குது. வேணுங்கற நியூரான்ல மட்டும் ஒரு ஜீனை வேலை செய்ய வைக்க ஈஸ்ட்ல இருந்து எடுத்த ஒரு சுவிட்ச் இருக்கு, ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் 1993ல கொடுத்தது.

அந்த சுவிட்சை வெச்சு தான் ஹார்வர்ட்ல மெல் ஃபீனியும் வெல்கம் பெண்டரும் பார்கின்சன்ல சம்பந்தப்பட்ட ஆல்ஃபா சைனூக்ளின்ங்கற மனுஷ ஜீனை ஈக்குள்ள வெச்சாங்க, 2000ல பேப்பர் வந்துச்சு. ஈக்கு சொந்தமா அந்த ஜீனே கிடையாது. வயசாக வயசாக டோபமின் நியூரான் செத்துச்சு, நோயாளிங்க மூளையில இருக்கற மாதிரி புரதக் கட்டி வந்துச்சு, ஏறற திறமையும் போச்சு.

ஏறறதுன்னா என்னன்னு நான் கண்ணால பார்த்தேன். எங்க அக்கா பொண்ணு பிஎச்டி பண்ற லேப்புக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனா, உள்ள போனதும் புளிச்ச மாவு வாசனை, மக்காச்சோள மாவு சர்க்கரை ஈஸ்ட் அகர் போட்டு காய்ச்சினது தான் ஈக்கு சாப்பாடு. பஞ்சு அடைச்ச கண்ணாடிக் குழாய் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் பத்து ஈ, ஒரே வயசு. மவுஸ் பேட் மேல டக்குனு தட்டினா எல்லாம் அடியில விழும், விழுந்த உடனே மேல ஏறறது அதோட சுபாவம், பத்து செகண்டுக்குள்ள மார்க்கர் கோட்டை எத்தனை தாண்டுதுன்னு எண்ணணும். முதல் குழாய்ல ஒம்பது தாண்டிடுச்சு. மனுஷ ஜீன் வெச்ச ஈ இருந்த குழாய்ல மூணு தான் தாண்டுச்சு, ஒண்ணு பாதி ஏறி கண்ணாடியைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னுடுச்சு, ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்கு எங்க வீட்டு வாசல் தான் ஞாபகம் வந்துச்சு, வேற எதையும் பார்க்க முடியல.

இது வெறும் ஒப்பிட்டுப் பார்க்கறதோட நிக்கல. குடும்பத்துல வர்ற, சின்ன வயசுலயே வர்ற பார்கின்சனுக்கு பிங்க்1, பார்கின்னு ரெண்டு ஜீன் காரணம்னு தெரியும், ஆனா ரெண்டுக்கும் என்ன உறவுன்னு தெரியல. 2006ல அமெரிக்காவுலயும் கொரியாவுலயும் ஈயை வெச்சு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. பிங்க்1 இல்லாத ஈக்கு பறக்கற தசையில செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போச்சு, பார்கினை கூடுதலா கொடுத்தா சரியாச்சு, ஆனா பார்கின் இல்லாத ஈக்கு பிங்க்1 எவ்வளவு கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. அப்போ பிங்க்1 முன்னாடி, பார்கின் அதுக்குப் பின்னாடி, ரெண்டும் ஒரே பாதை. இதை மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பார்க்கவே முடியாது, எலியில பார்க்கணும்னா மாசக்கணக்காகும், ஈ 25 டிகிரியில முட்டையில இருந்து பத்து நாள்ல முழுசா வளர்ந்து வந்துடும்.

தூக்கம், மனச்சோர்வு விஷயத்துலயும் இப்படித்தான். செரடோனினோட ஒரு ரிசப்டர், அதாவது செல் மேல அதை வாங்கிக்கற புரதம், இல்லாத ஈ கம்மியா தூங்குதுன்னு 2006ல காட்டினாங்க. நியூரான் வெளிய விட்ட டோபமினைத் திரும்ப உறிஞ்சற புரதம் கெட்டுப்போன ஈக்கு ஜப்பான்காரங்க ஃபுமின்னு பேர் வெச்சாங்க, தூக்கமில்லாததுன்னு அர்த்தம். மனச்சோர்வுக்கு நார்ட்ரிப்டிலின்னு ஒரு மாத்திரை டாக்டருங்க எழுதுவாங்க, அது இந்த வகைப் புரதத்துல எப்படி போய் உட்காருதுன்னு முதல் முதலா அணு அணுவா பார்த்தது 2013ல, அங்க பயன்பட்டது ஈயோட புரதம் தான்.

ஈயில வேலை செஞ்ச மருந்தெல்லாம் மனுஷனுக்கும் வேலை செய்யும்னு நான் சொல்ல வரல. ஈக்கு நம்ம மாதிரி நோர்அட்ரினலின்ங்கற மூளை ரசாயனம் கிடையாது, அதுக்கு பதிலா ஆக்டோபமின், பல வித்தியாசம் இருக்கு, பல மருந்து நடுவுல தோத்துப் போகும். ஆனா எங்க தேடணும்னு வழி காட்டினதுல இந்த ஈயோட பங்கு பெருசு. எங்க அப்பா நோயை இன்னைக்கு எந்த மாத்திரையும் நிறுத்தல, நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தான் குறைக்குது, நிறுத்தற மருந்து வரணும்னா நியூரான் ஏன் சாகுதுன்னு தெரிஞ்சாகணும், அதைத் தேடறதுக்குப் போற காசை தயவுசெஞ்சு கரைக்கறதுன்னு சொல்லாதீங்க.

அடுத்த இணைப்புல சரியான படத்தைப் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்க. படம் இல்லன்னா எங்க வீட்டு வாழைப்பழத் தட்டு மேல நானே எடுத்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி