பதினேழு சிரிப்பு முகங்கள்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, இரவு ஷிஃப்ட். செய்தி தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். லொகேஷன் அனுப்பச் சொல், பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடு என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அதே ஷிஃப்ட்ல வர்ற பசங்களுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்றாள். நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். எல்லாரும் ஆண்கள். பெண்கள் மீதான வன்முறையை நிறுத்த நாம் என்ன செய்யலாம் என்று பேசுவோம். "பேசி என்னடா ஆகும், தண்டனையைக் கடுமையாக்கணும்" என்று நீ எழுதியிருக்கிறாய். தண்டனை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. 'வெளியே சொன்னால் மானம் போய்விடும்' என்கிற வீட்டிலிருந்து புகாரே வராது.

பேசியே பெண்கள் மீதான வன்முறையைக் குறைக்க, உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்று ஒரு முயற்சி நடந்தது. சுவாஹிலியில் 'இப்போது' என்று அர்த்தம். அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்தில் பேச வைத்தார்கள். 'அடிக்காதே' என்று தொடங்கவில்லை. 'உன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறாய்' என்று தொடங்கினார்கள். 2014-இல் வெளியான ஆய்வில், அந்த வேலை நடந்த பகுதிகளில் துணைவரிடம் அடி வாங்கிய பெண்கள் மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு. பாலியல் வன்முறையும் குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் இரண்டு கணக்கையுமே அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள், அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். போன மாதம் நம் செட் குரூப்பில் ஆபீஸ் பெண்ணைப் பற்றி ஒரு ஜோக் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எண்ணிப் பார்த்தேன், 17 சிரிப்பு முகம். ஒன்று என்னுடையது. இன்னொன்று உன்னுடையது. என்னுடையதை எடுத்துவிட்டு, "இது வேண்டாம்டா" என்று போட்டேன். நாற்பது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒருத்தன், "சாமியார் ஆயிட்டான்" என்றான். இன்னொருத்தன் குரூப்பைவிட்டே போய்விட்டான்.

ராத்திரி குரூப்பிலிருந்து வேறொருத்தன் போன் பண்ணினான். "எனக்கும் பிடிக்கலடா, யாராவது சொல்லட்டும்னு இருந்தேன்" என்றான். 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். நம் குரூப்பில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

அதனால் ஒரு உதவி. அடுத்த தடவை நான் எழுதினால், அவனைப் போல ராத்திரி போன் பண்ணாதே. அங்கேயே, எல்லாரும் பார்க்க, ஒரு வரி போடு. "ஆமாடா" என்றால்கூடப் போதும்.

முட்டியைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்