திரை கறுத்து மீளும் கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் அந்த வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இனி உன் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

மென்பொருளை நீக்கி நீக்கி மறுபடி நிறுவுவதை முதலில் நிறுத்து. குற்றவாளி அதுவல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னோட்டத்தை ஓடவிட்டதும் திரை கறுத்துப்போய், உடனே மீண்டு, பிறகு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு அடையாளம் போதும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்த வேலை சுமார் 2 வினாடிக்கு மேல் அசையாமல் நின்றால், அந்தச் சிப்பை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரை விண்டோஸே வலுக்கட்டாயமாக மீண்டும் தொடங்கிவிடும். திரை பிழைத்துக்கொள்ளும். சிப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் பல நேரம் பிழைப்பதில்லை. பழி மட்டும் அதன் தலையில் விழும்.

ஊகம் வேண்டாம், சாட்சியையே பார்த்துவிடு. கணினியில் நடப்பதை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் திரை கறுத்த நேரத்தைத் தேடு. அங்கே 4101 என்ற எண் இருந்தால் டிரைவர் நின்று மீண்டது உறுதி. அடுத்து அப்ளிகேஷன் பதிவுகளில் 'ஃபால்டிங் மாட்யூல்' என்ற இடத்தில், எந்தக் கோப்பில் பிழை நேர்ந்ததோ அதன் பெயர் இருக்கும். சிப் யாருடையது என்பதை அது காட்டிக்கொடுக்கும். அது 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஐஜி' என்றால் பெரும்பாலும் இன்டெல், 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி. ஏடிஐ என்ற சிப் நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது 2006இல். கோப்புகளில் பழைய முதலாளியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது' என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நம்பி உட்காராதே. தன் கைக்கு எட்டியதில் சிறந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பண்புகளில் டிரைவரின் தேதியைப் பார். பல ஆண்டுப் பழசு என்றால் சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை இறக்கு. உன்னுடையது லேப்டாப் என்பதால் அதைத் தயாரித்தவர்களின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடு. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் இருக்கக்கூடும், தனியாக ஒரு பெரியதும் கூடவே இன்டெல்லின் சிறியதும். பெரிய சிப்பைக் கவனித்துவிட்டு இன்டெல்லை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

புதியதை நிறுவியதும் நிலைமை மோசமானால் முந்தைய டிரைவருக்கே திரும்ப 'ரோல் பேக்' இருக்கிறது, பயப்படாதே. பழையதை அடியோடு துடைக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடு. அதற்கு முன் கணினியை இன்றைய நிலைக்கே மீட்க உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று வைத்துக்கொள். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய். இல்லாவிட்டால் நீ துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள பழைய டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

சிப் சூடேறினாலும் இதே 4101 வரலாம். விசிறி இரைகிறதா என்றும் கவனி.

என் பக்கத்தில் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக்கூட இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். அந்தக் கோப்பின் பெயரையும் டிரைவர் தேதியையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராகவன்