மூன்றாம் வகுப்பு டீச்சரின் நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கும், மதியச் சோறு ஆக்கிப்போட்ட அக்காவுக்கும் வணக்கம்.

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நான் வேறொரு பள்ளியில் இருப்பேன். ஆறு வருடம் இந்த எல்.பி. (தொடக்கப் பள்ளி) ஸ்கூலில் இருந்தும், வழியனுப்பிய அன்று மைக்கைக் கையில் கொடுத்தபோது "ரொம்ப நன்றிங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அன்று விட்டதை இப்போது எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் வரும் ரோட்டில் நம் பள்ளியைப் பார்க்கிறவர்களுக்கு அது ஓடு போட்ட சின்னக் கட்டடம். உள்ளே கேரளத்துப் பாடம், தமிழில். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1956இல் சேர்த்த 350ஏ பிரிவு சொல்கிறது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், குழந்தை பயமில்லாமல் இருக்க வேண்டும், தானே செய்து பார்த்துத் தேடிக் கற்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மார்க் வாங்கியவள் நான். வகுப்பில் அது எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது. முதல் வருடம் கையில் பிரம்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி நான் போர்டில் எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுதுவார்கள்.

முதல் நன்றி சமையல் அக்காவுக்கு. நெல்லியாம்பதி எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை பாதி வருடத்தில் வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என்னிடம் பேச மாட்டாள். பக்கத்துப் பிள்ளைகளிடமும் பேச மாட்டாள். பத்து மணி ஆனால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு தடவை நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மூன்றாவது தடவை போனபோது அவளுக்கு முன்னால் ஒரு முறத்தில் தட்டப்பயறு. கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விடுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பாடம் நடத்துவது நானா, அக்காவா என்று ஹெச்.எம்.மிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

ஒரு மாதம் இல்லை, கிட்டத்தட்ட ஐந்து மாதம். அவள் பயறை நிறம் நிறமாகப் பிரித்தாள். பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தாள். நான் வகுப்பில் பத்தும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் குச்சிக் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பயறை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், இது கல்லு இல்ல. உள்ளுக்குள்ள வண்டு இருக்கு." பயறில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. அன்று நடக்க வேண்டிய பாடம் நடக்கவில்லை. முப்பது தலையும் அந்த ஒரு பயறுக்கு மேல் குனிந்திருந்தன. வண்டு எப்படி உள்ளே போனது, போகும்போதே இந்த அளவா, உள்ளே எதைத் தின்றது என்று ஒரே சத்தம். ஒரு மூடி போட்ட பாட்டிலில் பத்துப் பயறைப் போட்டு ஜன்னலில் வைத்தோம். அதற்குக் காவல் அவள்தான்.

அக்கா, அவளைத் துரத்தாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடலின் பாதி.

அப்புறம் கள்ளு இறக்குகிற அண்ணன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் ஓரத்துப் பையன் வெளியே தென்னை மரத்தைப் பார்த்தபடி, "டீச்சர், பாளையச் சீவறாங்களே, மரத்துக்கு வலிக்காதா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. மரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தென்னங்கள்ளு கேரளம் முழுக்கப் போகிறது, இங்கே அது தொழில். எல்லைக் கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே தொழில் குற்றம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குள் கள்ளு இறக்குகிறவரா என்று இரண்டு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டைதான். பெற்றோர் ஆசிரியர் சங்கத் (பி.டி.ஏ.) தலைவர்தான் சமாதானம் செய்தார். "அவரு குடிக்கறதப் பத்திப் பேச வரலீங்க. பிள்ளைக கேட்டதுக்குப் பதில் சொல்ல வர்றாரு."

அண்ணன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்தார். விரியாத பாளையைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவதையும், நாள் தவறாமல் எலும்புத் துண்டால் தட்டுவதையும், நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவதையும் செய்து காட்டினார். "மெதுவாத் தட்டணும் கண்ணு. ஓங்கித் தட்டினா உள்ளுக்குள்ளயே வெம்பிப்போயிரும், ஒரு சொட்டு வராது." சம்பளம் வாங்குகிற நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வலிக்குமா என்ற கேள்விக்கு, "அதுகிட்ட யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அவரும் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

கணக்கு அதற்குப் பின்னால் வந்தது. மரத்தில் தேங்காய் மட்டை கட்டிய படி முப்பத்தாறு, ஒரு படிக்கு ஒன்றரை அடி. ஏறி இறங்க நூற்றெட்டு அடி. பத்து மரம், காலையும் மாலையும். பெருக்கி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. ஐந்து விதமான விடை வந்து, ஒருத்தருக்கொருத்தர் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் 2160 அடி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டபோது அண்ணனின் மகள் எழுந்து, "எங்கப்பா தெனமும் அரைக் கிலோமீட்டருக்கு மேல செங்குத்தா நடக்கறாரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் உட்காருகிற தோரணையே வேறு.

பெற்றோர்களே, உங்கள் பொறுமைக்கும் நன்றி. "நோட்டுல ஒண்ணுமே இல்லியே டீச்சர்" என்று வாசலில் நிற்காதவர்கள் குறைவு. பேரனின் நோட்டில் தினமும் சிவப்பு டிக் தேடிய பாட்டியிடம், நீங்களே போட்டுவிடுங்கள் என்று ஒரு பேனா கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் பேரனிடம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் டிக் போட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன் வருகிற இங்கிலீஷ் மீடியத்துக்கு மூன்று பேர் பிள்ளைகளை மாற்றினீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளை போகிற வழியில் கூடப் போவது என்பதை, பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது என்று ஒரு வருடம் குழப்பிக்கொண்டேன். ஒரு பையன் அழகாகக் கதை வாசிப்பான், நானும் பூரித்துப்போவேன். அவனுடைய அம்மா, தோட்ட வேலைக்குப் போகிறவர், ஒரு சாயங்காலம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவன் படத்தப் பாத்துத்தான் கதை சொல்றான் டீச்சர். எழுத்தப் பாத்து இல்ல." சோதித்துப் பார்த்தேன், உண்மை. நான் படித்தவள், நான்தான் கவனித்திருக்க வேண்டும். அம்மா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது.

அந்தப் பையனுக்காகத்தான் பொள்ளாச்சியில் டீச்சராக இருக்கும் என் பெரியம்மா மகளிடம் ஓடினேன். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்து அட்டைகளை அவள் பரண்மேல் வைத்திருந்தாள். ஆந்திரத்தில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான முறை அது. அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். ஏணி மாதிரி ஒரு படம், ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தான் நிற்கும் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறலாம். அட்டையை மட்டும் கொடுத்திருந்தால் அவன் அதையும் படம் பார்த்தே ஒப்பேற்றியிருப்பான். தினமும் மதியம் பக்கத்தில் உட்கார்ந்தேன், வண்டுக்குக் காவல் இருந்த பெண்ணும் கூட உட்கார்ந்தாள். ஓணம் லீவுக்கு முன்னால் பஸ்ஸின் போர்டைத் தமிழிலும், திக்கித் திக்கி மலையாளத்திலும் படித்துவிட்டான்.

அடுத்து வரும் டீச்சருக்கு இரண்டு விஷயம். சுவரில் ஒட்டிய கேள்வி அட்டையில் ஏழு கேள்வி பாக்கி. அதில் மூன்றாவது, ஆனி ஆடியில் நம் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு காற்று என்பது. மலைகளுக்கு நடுவே இடைவெளியாக இருக்கும் பாலக்காட்டுக் கணவாயை மணலில் செய்து பார்க்கலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள், மணல் கொண்டுவர ஆள் பேசியாகிவிட்டது. பனை ஓலைக் காத்தாடிக்கு வேண்டிய கருவேல முள் மேல் அலமாரியில், பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. திறக்கும்போது பார்த்து. அலமாரிச் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது, அக்காவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்