சூடேற்றிய ஸ்கேட்டை ஏன் திரும்ப எடுப்பதில்லை: எமது ஸ்காபரோ வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எமது கடையைப் பற்றிய குரல்பதிவொன்று சில நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். விலை கூடிவிட்டது என்ற குறை எமக்குப் புதிதல்ல. அதில் நியாயமும் உண்டு. ஆனால், பெரிய நிறுவனத்தின் பெயரைக் காட்டி ஸ்கேட்டை, அதாவது பனித்தளத்தில் சறுக்குவதற்கு அடியில் பிளேட் என்னும் உலோகத் தகடு பூட்டிய சப்பாத்தை, விற்றுவிட்டு, கால் வலிக்கிறதென்று வந்தால் திரும்ப எடுக்காமல் கையை விரிக்கிறார்கள் என்று சொல்லப்படுவதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் அதிகம் விற்பது பௌவர் (Bauer) நிறுவனத்தின் ஸ்கேட்டுகள் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த உற்பத்தி 1927இல், இதே ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில், சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திவந்த ஒரு குடும்பத்தாரிடம் தொடங்கியது. அக்காலத்தில் பிளேட்டைத் தனியே வாங்கிச் சப்பாத்தில் பூட்டிக்கொள்வது வழக்கமாக இருக்க, அவர்கள் இரண்டையும் நிரந்தரமாகப் பிணைத்து ஒரே பொருளாக விற்றார்கள். அந்த நிறுவனம் 1990களில் நைக்கியின் கைக்குப் போய், 2008இல் அதிலிருந்து பிரிந்து, 2016இல் அதன் புதிய தாய் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடும் அளவுக்குக் கடனில் சிக்கி, மறு ஆண்டு கனேடிய முதலீட்டாளர்களிடம் வந்துசேர்ந்தது. இதற்கிடையில் தலைக்கவசம், கையுறை, ஹொக்கி மட்டை, கோல்காப்பாளர் கவசம் என்று பொருட்களும் பெருகின.

நிறுவனத்தோடு சப்பாத்தும் மாறிவிட்டது என்பதுதான் இங்கே முக்கியம். முன்பு தோல், போடப் போடக் காலுக்கு இசைந்துகொடுக்கும். இன்றைய ஸ்கேட்டுகளில் பலவற்றின் கூடு இறுக்கமான செயற்கைப் பொருளால் ஆனது. நீள அளவோடு, ஒடுங்கிய கால் முதல் அகன்ற கால் வரை மூன்று வகை. அந்தக் கூடு காலுக்கு இசைவதற்காக, ஸ்கேட்டை அதற்கென உள்ள அடுப்பில் சில நிமிடம் சூடேற்றி, பிள்ளையின் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கி, ஆறும்வரை அசையாமல் இருத்தி வைக்கிறோம். தொழிற்சாலையில் முடியாத கடைசி வேலை எமது கடை வாங்கில் முடிகிறது என்றே சொல்லலாம். அப்படிக் கணுக்கால் பதிந்த சோடியை இன்னொரு பிள்ளைக்குப் புதியதென்று எப்படி விற்பது?

ஆகவேதான் அளவு சரியா என்று சூடேற்றுமுன் கேட்கிறோம். நிமிர்ந்து நிற்கையில் பெருவிரல் முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடிக்கையில் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிக்கால் மேலெழக் கூடாது. நடக்கும் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிதாகவே ஸ்கேட் அமையும். அடுத்த வருடமும் போடலாமே என்று பெரிதாகக் கேட்கும் பெற்றோரின் மனம் எமக்குப் புரிகிறது. எமக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் குதிக்கால் ஆடுகிற ஸ்கேட்டில் பிள்ளை பிளேட்டின் விளிம்பில் ஊன்றிச் சறுக்க முடியாது, தோலும் உரியும். குரல்பதிவில் வரும் சோடியும் எமது சொல்லைத் தாண்டிப் பெரிதாக வாங்கப்பட்டதே. வாங்கியவர் யாரென்று சொல்வது முறையல்ல.

மூத்த பிள்ளைக்கு வாங்கி, இளையவருக்கும் எம்மிடமே வந்து, தெரிந்தவர்களையும் அழைத்து வந்த குடும்பங்களை நாம் மறக்கவில்லை. பனி கொட்டும் மாலைகளிலும், பயிற்சி முடிந்த கையோடு ஈரப் பையுடன் வந்து, தேநீர் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் குடித்துப் போகும் உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

குளிர்காலச் சரக்குக்கு வசந்தத்திலேயே பணம் கட்ட வேண்டியிருப்பதாலும், பிளேட் தீட்டிய தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதாலும், வாங்கிய ஸ்கேட்டுக்குப் பருவம் முழுவதும் இலவசமாகத் தீட்டிக்கொடுத்தது இனி முதல் முறைக்கு மட்டுமே. பிறகு 10 டொலர், மறுநாள் மாலை எடுத்துக்கொள்ளலாம். அளவு பார்க்க வரும்போது, பிள்ளை விளையாட்டுக்குப் போடும் அதே காலுறையைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்