பத்துக்கு ஏழு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தையில் கல்யாணம் என்றால் எப்படியும் வந்துவிடுவேன். லண்டனில் குளிர் ஆரம்பித்துவிட்டது, என் முழங்கால் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

சரி, உன் மைத்துனர் விஷயம். டென்னிஸில் யார் ஜெயிப்பார் என்று சந்தா வாங்கிக்கொண்டு டிப்ஸ் சொல்கிறவர்களை நம்பி அவர் பந்தயம் கட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். பத்துக்கு ஏழு பலிக்கிறதாம். பலிக்கட்டுமே. தரவரிசையில் மேலே இருப்பவர் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்கு மேல் பலிக்கும். என்ன விலைக்குப் பலித்தது என்பதை அவர் சொல்லவில்லையே!

இங்கே கடைத்தெருவில் பந்தயக் கடைகள் சகஜம். உதாரணத்துக்கு, ஒரு ஆட்டத்தில் பலசாலிக்கு 1.40, எதிராளிக்கு 2.90 என்று விலை போட்டிருக்கிறார்கள் என்று வை. பலசாலி மேல் நூறு கட்டி அவர் ஜெயித்தால், கட்டிய நூறையும் சேர்த்து 140 திரும்ப வரும். இப்போது உன் மைத்துனர் இதே 1.40 விலையில் பத்து ஆட்டத்துக்கு நூறு நூறாக ஆயிரம் கட்டுகிறார். ஏழு பலிக்கிறது. கைக்கு வருவது 980. இருபது ரூபாய் நஷ்டம், சந்தா தனி! இன்னொன்றும் பார். நூறை விலையால் வகுத்தால் கடைக்காரன் கணக்கில் ஜெயிக்கும் வாய்ப்பு வரும்: 1.40 என்றால் 71 சதவீதம், 2.90 என்றால் 34 சொச்சம். கூட்டினால் நூறைத் தாண்டி 106 கிட்ட வருகிறது. அந்த ஆறுதான் கடைக்காரன் சாப்பாடு.

அப்புறம் டென்னிஸ் கிரிக்கெட் மாதிரி மொத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்க்கிற ஆட்டமும் இல்லை. 2025 ஜூனில் பாரிஸில் அல்கராஸும் சின்னரும் ஆடிய பிரெஞ்ச் ஓபன் ஃபைனல் பார்த்தாய்தானே? நான்காவது செட், சின்னர் 5-3 என்று முன்னிலை. அல்கராஸ் சர்வில் 0-40. சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட், அதாவது மூன்றில் ஒன்றை எடுத்தாலே கோப்பை. அந்த நேரத்தில் அல்கராஸ் பெயரைச் சொல்ல எந்த ஜோசியருக்குத் துணிச்சல் வந்திருக்கும்? மூன்றும் போயின. 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸ் கோப்பையைத் தூக்கினார். எடுத்த பாயின்டுகளோ சின்னருக்கு 193, அல்கராஸுக்கு 192.

நிஜமாகவே முன்கூட்டித் தெரிந்தவன் இருந்தாலும் அதைச் சந்தாவுக்கு விற்பானா என்ன? 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட்டில், உலகின் நான்காம் நிலை வீரர் டேவிடென்கோ அர்ஜென்டினாவின் வாசாயோ அர்குவேயோவுடன் ஆடினார். முதல் செட்டை டேவிடென்கோ 6-2 என்று எடுத்த பிறகும் பந்தயப் பணமெல்லாம் எதிராளி பக்கமே கொட்டியது. கடைசியில் கால் வலி என்று டேவிடென்கோ பாதியில் விலகினார். ஆன்லைனில் பந்தயம் நடத்தும் பெட்ஃபேர் கம்பெனி அந்த ஆட்டத்தின் பந்தயங்கள் அத்தனையையும் ரத்து செய்துவிட்டது. விசாரணை ஒரு வருடம் ஓடியது, ஆட்டத்தை விற்றதாக இரு வீரர்கள் மேலும் ஆதாரம் எதுவும் இல்லை என்று 2008-ல் முடித்தார்கள். பணம் ஏன் அந்தப் பக்கம் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம், பந்தயம் இரண்டுக்கும் தடை போட்டு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்துவிட்டதே. மைத்துனர் கட்டுவது ஏதாவது வெளிநாட்டு சைட்டாக இருக்கும். ஜெயித்த பணத்தை அவன் தராமல் போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்?

திட்டாதே, வீம்புக்காகவே கட்டுவார். ஒவ்வொரு டிப்ஸுக்கும் அன்றைக்கு என்ன விலை இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேள். இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி