விடைத்தாள் திரும்பி வரும் நாள்: உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில், பாடவேளைகளை வகுக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: அலகுத் தேர்வு முடிந்த மூன்று நாட்களுக்குள், திருத்திய விடைத்தாளை மாணவர்களோடு அமர்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு பாடவேளையை ஒதுக்கித் தாருங்கள்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் வினையைச் சமன் செய்யச் சொன்னால், வாய்பாடுகளுக்கு முன்னால் கெழு எனப்படும் பெருக்கும் எண்ணை இடுவதை விட்டுவிட்டு, நீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்று எழுதிவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை ஒத்துப்போவதால் செய்தது சரி என்றே நம்புகிறார்கள். கிடைத்திருப்பது நீர் அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நாம் சிவப்பு மையில் இடும் பெருக்கல் குறியும் அதைச் சொல்வதில்லை. ‘அணுக்களை எண்ணியது சரி, பொருளே மாறிவிட்டதே, பார்த்தாயா?’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால், பிழை நுழைந்த இடத்தை மாணவரே கண்டுபிடிப்பார். அந்த வரி, வகுப்பு மரபியலுக்குப் போய்விட்ட பிறகு வந்து சேர்ந்தால் யார் படிப்பார்கள்?

செய்முறை வகுப்பில் இது இன்னும் வெளிப்படை. மின்தடை எண் காணும் சோதனையில், பக்க இணைப்பில் இணைக்க வேண்டிய வோல்ட்மீட்டரைத் தொடராக இணைத்துவிட்டு, அம்மீட்டரின் முள் ஏன் அசையவில்லை என்று விழிப்பவரிடம் அப்போதே பேச வேண்டும். ஆண்டு இறுதியில் ரெக்கார்டு நோட்டில் இடும் கையெழுத்து அவருக்கு எதையும் கற்பிப்பதில்லை.

1988இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் பக்கத்து இருக்கையின் தாளை எட்டிப் பார்ப்பதை நாமும் அறிவோம். ஆகவே மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்: முதலில் குறிப்பைக் கொடுத்து, விடையை மீண்டும் எழுதச் செய்து, மறுநாள் மதிப்பெண்ணைச் சொல்கிறோம்.

நாற்பது தாள்களில் ஒவ்வொரு விடைக்கும் குறிப்பெழுத இயலாது. முயன்று பார்த்துக் கைவிட்டவன் நான். பலர் தவறிய ஒரே ஒரு வினாவுக்கு எழுதினால் போதும். காலாண்டுத் தேர்வுக்கு முன், ஒரு பிரிவில் மட்டுமாவது இதற்கு அனுமதி தாருங்கள். திருத்தி எழுதிய தாள்களை உங்கள் மேசைக்கே கொண்டுவந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்